குழம்புச் சட்டியில் ஒரு தெர்மோஸ்டாட்

மண்சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. சட்டியின் வாய்மேல் குறுக்கே ஓர் அகப்பை. அதன் காம்பில் நூல் கட்டி, இரண்டு பித்தளைச் சாமான்களைத் தண்ணீருக்குள் தொங்க விட்டிருக்கிறேன். ஒன்று புதிது, பளபளப்பு. மற்றது உப்புப் படிந்து, பச்சை பூத்து, பார்க்கவே சகிக்காது. நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பின்மேல் கவிழ்ந்து விழாத குறையாகச் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. சாப்பிட வந்த என் கணவர் சமையலறை வாசலில் நிற்கிறார். அவருக்கு முன்னால், தோலை ஊற வைக்கிற ஆவாரம்பட்டையின் வாசனை உள்ளே வந்துவிட்டது.

"இன்னா கொழம்பு?" என்றார்.

"கார் கொழம்பு."

"மீன் வாங்கனியே?"

"மீன் அப்புறம். சட்டி காலி இல்ல."

வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் சட்டியைத் தூக்கித் தெருவில் அடித்திருப்பார். என் கணவர் தேவசகாயம் மேஸ்திரி அப்படிப்பட்டவர் அல்ல. குரல் உயர்த்தியே பேசத் தெரியாத மனிதர். பக்கத்தில் வந்து அவரும் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் புதுச் சாமானின் நடுவில் இருந்த மூடி மெல்லத் தூக்கிக்கொண்டு திறந்தது. பழையது உம்மென்று மூடியபடியே கிடந்தது.

"பாத்தீங்களா! இதான் கோளாறு. இஞ்சின் சூடானா இந்தக் கதவு தெறக்கணும். தெறந்தா தண்ணி ரேடியேட்டருக்குப் போயி ஆறிக்கினு வரும். தெறக்கலன்னா உள்ளயே கெடந்து கொதிக்கும்."

"இவ்ளோ சூடா ஆவுமா கார் தண்ணி?"

"இவ்ளோ ஆனாதான் கதவே தெறக்கும். கைய வெச்சித்தான் பாருங்களேன்."

அவர் நிஜமாகவே விரல் நுனியை வைத்தார். "ஏசப்பா!" என்று உதறிக்கொண்டு வாயில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

வாசகர்களே, அந்தச் சிரிப்பையும் அந்த விரலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு வண்டியும் நானும்

போன வாரம், காரைக் கிளப்பச் சுற்றும் ஹேண்டில் எதிர்த்து அடித்து என் மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்தில் ஒரு நர்சுக்கு எதற்கம்மா கார்? மாட்டு வண்டி இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தது ஐயா. பேஷாக இருந்தது. அதில் எட்டு வருஷம் என் இடுப்பெலும்பைக் கொடுத்தவள் நான்.

மிஷன் எனக்குப் பிரசவம் பார்க்கும் வேலை கொடுத்து ஆம்பூரில் வைத்தது. பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சிதறிக் கிடந்த ஊர்கள் என் பொறுப்பு. ஆள் வந்து கதவைத் தட்டுவான். வண்டி பூட்டுவதற்குள் ஒரு பொழுது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு பொழுது. வண்டிக்காரர் வெற்றிலை போட ஒரு பொழுது. நான் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவேன். வண்டி என் பின்னால் வரும்.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் காலில் சக்கரம். அப்பாவுக்குக் காவேரிப்பாக்கத்தில் உபதேசியார் வேலை. ஊரில் பெண் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போது நான் ஏரிக்கரை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

மாதனூருக்கு அப்பால், ஆற்றைத் தாண்டி ஒரு சேரி. அங்கே காளியம்மா என்று ஒருத்தி. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று காலையில் ஆள் வந்தது. ஆற்று மணலில் வண்டிச் சக்கரம் புதைந்து, நாங்கள் தள்ளி, மாடு படுத்து, அதை எழுப்பி, போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குடிசை வாசலில் பானையில் வெந்நீர் இருந்தது. என் கைகழுவத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அது அவளைக் குளிப்பாட்ட வைத்தது.

அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா நர்சம்மா" என்று மட்டும் கேட்டாள். 

அதற்கு அப்புறம் கார் வேண்டும் என்று நான் மிஷனைப் போட்டுப் பிடுங்கி எடுத்துவிட்டேன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் விட்டுவிட்டுப் போன பழைய அமெரிக்கக் கார் ஒன்று வேலூரில் கொட்டகையில் கோழிகள் அடைய நின்றுகொண்டிருந்தது. கோழிகளை விரட்டிவிட்டு அதில் நான் ஏறினேன். ஓட்டக் கற்றுக்கொண்டது தனிக் கதை. ஒரு கள்ளிவேலி போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொதிக்க ஆரம்பித்தது

கார் வந்த பிறகு நான் நேரத்துக்குப் போனேன். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்ற பேச்சு நின்றது. ஆரன் சத்தம் ஊர் எல்லையில் கேட்டதும் பெண்கள் குடிசையைப் பெருக்கித் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

அப்புறம் வண்டிக்கு இந்த வியாதி வந்தது. ஊர் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் மூடி வழியாகப் புசுபுசுவென்று ஆவி. நிறுத்தி, ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்பி, மறுபடி கொதித்து. மாட்டு வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. பழைய வண்டிக்காரர் ஒரு தடவை வேண்டுமென்றே மெதுவாகத் தாண்டினார்.

பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த கரீம் பாயிடம் காட்டினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"எந்தக் கிணத்துத் தண்ணி ஊத்தறீங்க?"

"தோல் ஷாப் பக்கத்துக் கிணறு."

"அதான் பேஜாரே. அங்க தோலுக்குப் போடற உப்பு அல்லாம் கிணத்துல எறங்குது. உள்ள உப்புப் புடிச்சி தெர்மோஸ்டாட்டு வால்வு ஒட்டிக்கிச்சி. இத்தக் கழட்டி வீசிடுங்க நர்சம்மா. குளிர் தேசத்துக்காரன் வெச்சது. நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னாத்துக்கு?"

நல்ல யோசனைதான். பாதி பஸ்களில் அப்படித்தான் வீசியிருந்தார்கள். ஆனால் அதற்குள் சங்கதி வேலூருக்குப் போய்விட்டது.

டாக்டரம்மாவின் நிபந்தனை

எங்கள் மேலதிகாரி ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. உயரமானவர். தலையில் எப்போதும் பெரிய தொப்பி. பண்டிதர் வைத்துத் தமிழ் படித்தவர் ஆகையால் வேதாகமத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

மருந்துச்சாலையைப் பார்வையிட அவர் ரயிலில் ஆம்பூர் வந்தார். வந்ததும் முதல் பேச்சே வண்டியைப் பற்றி.

"எஸ்தர், இந்த வண்டி உனக்கு உபகாரமாய் இருக்கிறதா, உபத்திரவமாய் இருக்கிறதா?"

"உபகாரம்தாம்மா. ஒரு சின்ன ரிப்பேர்."

"நீ அதை முறையாய்ப் பராமரிக்கவில்லை என்று சொல்லுகிறார்கள். சனிக்கிழமை நான் இதிலே வேலூருக்குத் திரும்புவேன். வழியிலே கொதித்து நின்றால் வண்டி வேலூரிலேயே நின்றுவிடும். நீ ரயிலில் வந்துவிடலாம். ஒரு பாகத்தையும் கழற்றி எறியலாகாது. இருக்க வேண்டியதெல்லாம் இருக்க வேண்டும். நீயே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கைத் தேடுகிறவளுக்கு வண்டி எதற்கு?"

மறுபடி மாட்டு வண்டி. மறுபடி ஆற்று மணல். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்து, மருந்துச்சாலையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பட்டணத்துக்குப் போகிற ஆள் மூலமாகக் கரீம் பாய் புது தெர்மோஸ்டாட் வரவழைத்துக் கொடுத்தார். எந்த மூடியை எப்படிக் கழற்றுவது என்று தரையில் கரியால் கோடு போட்டுக் காட்டினார். ஸ்பேனரும் திருப்புளியும் கொடுத்தார். "ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. ஒரே பக்கமா முறுக்கனா கழுத்து ஒடிஞ்சிடும்" என்றார். அன்றைக்கே பஸ்ஸோடு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார்.

கழுத்தும் பேக்கிங்கும்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டிப் பரீட்சை முடிந்தது. அதைத்தான் முதலில் சொன்னேன். என் கணவர் கஞ்சி குடித்துவிட்டு ஷாப்புக்குப் போனார். நான் வண்டியிடம் போனேன்.

வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வேப்ப நிழலில் நின்றது வண்டி. அடியில் இருந்த குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் இறக்கினேன். ரப்பர் குழாயைப் பிடித்திருந்த வளையத்தைத் தளர்த்தினேன். தெர்மோஸ்டாட்டை மூடிக்கொண்டு இஞ்சின் தலையில் உட்கார்ந்திருந்த இரும்புக் கழுத்தின் போல்ட்டுகள் இரண்டும் துருப்பிடித்து, பிறந்த வீட்டை விட்டு வராத பெண் மாதிரி அடம் பிடித்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, கெஞ்சி, திட்டி ஒருவழியாக வந்தன. கழுத்தைத் தூக்கினேன். பழைய தெர்மோஸ்டாட்டைச் சட்டிப் பரீட்சைக்காகக் காலையிலேயே எடுத்திருந்தீர்களே, அப்போது கழற்றவில்லையா என்று கேட்பீர்கள். கழற்றினேன். திரும்பப் போட்டு வைத்த போல்ட்டுகள்தான் மறுபடி இந்தப் பாடு படுத்தின.

அப்போதுதான் கவனித்தேன். கழுத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு மெல்லிய தக்கை வில்லை வைத்திருப்பார்கள். கரீம் பாய் அதைப் பேக்கிங் என்பார். பழைய பேக்கிங் இரண்டு தடவை கழற்றியதில் தூள் தூளாகிவிட்டது. புதுச் சாமானோடு பேக்கிங் வரவில்லை. கரீம் பாயும் ஊரில் இல்லை.

நான் கையில் ஸ்பேனரோடு சந்துக்குள் மேலும் கீழும் நடந்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து அவர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி?"

"பேக்கிங் இல்ல. போச்சி. வண்டி வேலூரோட போச்சி."

அவர் அந்தக் கழுத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  அப்புறம், "ஆம்பூர்ல இருந்துகினு பேக்கிங்குக்கு அழுவுறியே" என்றார்.

உள்ளே போய், தனக்குச் செருப்புத் தைக்க வைத்திருந்த பதனிட்ட ஆட்டுத்தோல் துண்டைக் கொண்டுவந்தார். அவர் ஷாப்பிலேயே முதல் தரம். தேன் நிறம், வெண்ணெய் மாதிரி மழமழப்பு. கழுத்தின் விளிம்பில் கரியைத் தடவித் தோலில் ஒற்றினார். அச்சு விழுந்தது. கத்தியை ஒரே இழுப்பில் சுற்றினார். நடுவில் பெரிய ஓட்டை, ஓரத்தில் இரண்டு சின்ன ஓட்டை. பிசிறு கிடையாது. கிணற்றுப் பம்புக்கெல்லாம் தோல் வாஷர்தானே போடுகிறோம், இதற்கென்ன என்று எனக்குத் தோன்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒன்றும் தோன்றவில்லை. தோல் விஷயம், அவர் கையால் வந்தது. அதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது?

புது தெர்மோஸ்டாட்டைக் குழிக்குள் உட்கார வைத்து, தோலை வைத்து, கழுத்தை வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். ஆற்று ஊற்றுத் தண்ணீராகப் பார்த்து ஊற்றினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஹேண்டிலை அவரே சுற்றினார். வண்டி உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும். சூடானப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"போதும் நிறுத்து. பெட்ரோல் தீந்துடப் போவுது. காலைல ஊருக்குப் போவணும்ல."

நிறுத்திவிட்டேன்.

பள்ளிகொண்டாவுக்கு அப்பால்

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மா தொப்பியோடு ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் என் பிரசவப் பை. அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. மாதனூர் வரை வண்டி வெல்லமாகப் போயிற்று. நான் மனசுக்குள் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டேன்.

பள்ளிகொண்டா தாண்டியதும் முன்கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. மழையா என்று மேலே பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அடுத்து நாலைந்து துளி. அப்புறம் ஒரு சீறல். முன்னால் சாலையே தெரியாதபடி வெள்ளையாக ஆவி எழுந்தது.

"எஸ்தர், இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?"

"புகை இல்லம்மா. ஆவி."

"ஆவியானது ஏன் வெளியே வருகிறது?"

வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். இஞ்சின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அனல். கழுத்தின் அடியிலிருந்து கொதிநீர் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. சூடு தணிகிற வரை தொடவே முடியாது.

காத்திருப்பது என்பது எனக்குக் கொடுத்த தண்டனை. இந்தப் புளியமரத்திலிருந்து அடுத்த புளியமரம் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எஸ்தர், உட்கார்" என்றார் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா.

"முடியலம்மா."

"பிரசவம் பார்க்கும்போதும் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பாயோ?"

"இல்லம்மா. அங்க மட்டும்தான் என்னால ஆடாம உக்கார முடியும்."

 அவர் தொப்பியைச் சற்றுத் தூக்கி என்னைப் பார்த்தார்.

இரும்பு தொடுகிற சூட்டுக்கு வந்ததும் கழுத்தைக் கழற்றினேன். தோல் பேக்கிங் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு மூலையில் கறுப்பாக என்னவோ சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளி நுனியால் நெம்பி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நேற்றுத் தேன் நிறத்தில் இருந்த தோல், கருகிய வற்றல் மாதிரி, கல்லாக இறுகிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், ஷாப் சேறு பிடித்த அவர் செருப்பை நான் வெந்நீரில் முக்கிக் கழுவிவிட்டேன். அது குழந்தைச் செருப்பு அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. குரலே உயர்த்தாத மனிதர் அன்றைக்குத்தான் கொஞ்சம் சத்தம் போட்டார். "பட்டைல ஊறன தோலு பச்சத்தண்ணிக்கு எவ்ளோ நாளானாலும் தாங்கும். வெந்நீர் பட்டா செத்துப்போச்சி. இது தெரியாத ஆளு எங்க ஷாப்புல ஒருத்தன் கெடையாது" என்றார்.

நேற்று மத்தியானம் அவர் விரலைச் சுட்டுக்கொண்டதும் ஞாபகம் வந்தது. "இவ்ளோ சூடா ஆவுமா கார் தண்ணி?" என்று அவர்தானே கேட்டார். வாயில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தாரே.

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினார்.



"இதை யார் வெட்டினது?" டாக்டரம்மா என் கையைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தாம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசிக்கிறேன். என் புருஷனை நான் என்ன வேண்டுமானாலும் கேட்பேன். இன்னொருத்தர் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் போலிருக்கிறது.

விளக்கெண்ணெய்

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாக ஓடும். பிரசவப் பையைத் திறந்தேன். பஞ்சு வைத்திருந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பஞ்சைத் துணியில் சுற்றினேன். கரி படிந்த கழுத்தை அட்டைமேல் ஒற்றினேன், அவர் ஒற்றின மாதிரியே. தொப்புள்கொடி அறுக்கிற கத்தரிக்கோலால் வெட்டினேன். அவர் வெட்டினது மாதிரி வராது. பிசிறு பிசிறாகத்தான் வந்தது. அட்டை ஊறி நைந்துவிடாமல் இருக்க வேண்டுமே. பையில் விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. அட்டை குடிக்கிற வரைக்கும் ஊற்றினேன்.

போல்ட்டுகள் உருண்டு ஓடாமல் டாக்டரம்மா தன் தொப்பியில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே நீட்டினார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். கழுத்தைப் பொருத்தி முறுக்கிக்கொண்டிருந்த நான் கையை எடுக்க முடியாது. டாக்டரம்மா பையிலிருந்து குழந்தை குளிப்பாட்டுகிற எனாமல் பேசினை எடுத்தார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். வாய்க்காலில் மொண்டு, பாதியைத் தன் மேலேயே சிந்திக்கொண்டு, மீதியைக் கொண்டுவந்தார். மறுபடி போனார். நாற்று நடுகிற பெண்கள் நடுவதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருத்தி, "குடு தொரசானி, நீ வுழுந்துடப் போற" என்று பேசினை வாங்கி, கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனாள்.

ஹேண்டிலைச் சுற்றினேன். வண்டி எழுந்தது. அட்டை கொஞ்சம் எண்ணெய் கக்கியது, அவ்வளவுதான். சூடு ஏறி, உள்ளே கதவு திறந்து, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும் வரை நான் மூடியை மூடவில்லை. வேலூர் போய்ச் சேர்கிற வரை வண்டி மறுபடி நிற்கவில்லை. கோட்டை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தேன். கொதித்தால் வண்டி இங்கேயே என்பதுதான் பேச்சு. கொதித்துவிட்டதே.

பங்களா வாசலில் டாக்டரம்மா இறங்கினார். நனைந்த பாவாடையைப் பார்த்துக்கொண்டார். சாவிக்காகக் கையை நீட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

"எஸ்தர், காப்பி குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போ. இருட்டுமுன்னே ஊர் சேர். அடுத்த முறை தோல் போடாதே."

சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில்

திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன், தனியாக. அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகக் கட்டி வைத்துக்கொண்டேன். ஆம்பூரில் நுழையும்போது வெயில் இன்னும் இருந்தது.

எங்கள் தெரு முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. ஆச்சரியம், பயம், அப்புறம் சந்தேகமில்லாமல் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் புரியவில்லை.

சோறு போட்டேன். குழம்பை ஊற்றினேன். தட்டின் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சுருளை வைத்தேன்.

"இன்னா இது?"

"நீங்க வெட்டின பேக்கிங்."

அவர் அதைத் தொடவில்லை. சோற்றையும் தொடவில்லை.

"வெந்நீர் பட்டா செத்துப்போவும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு பக்கம் ஆசையும் இருந்தது.

"தெரியும்" என்றார்.

கட்டி வைத்த வார்த்தையை நான் எடுப்பதற்குள் அவரே பேசினார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"நீ கெளம்பிப் போனா, வர்ற வரைக்கும் நான் தெரு முனைலதான் நிப்பேன். ஷாப்புல கூட வேலை ஓடாது. பஸ் வந்தா டிரைவர்ங்கிட்ட கேப்பேன், வழில எங்கனா கார் கவுந்து கெடக்குதான்னு. ஒரு நாள் கெடையாது, ஒவ்வொரு தபாவும். மாட்டு வண்டின்னா விழுந்தாலும் அடி கம்மி. இத்த அந்தம்மா புடுங்கிக்கினா நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. போவாதன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ நிக்கிற ஆளா?"

நான் நிற்கிற ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காளியம்மாவின் குடிசை வாசலில் இருந்த பானையைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதையும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன், பல தடவை. தெரிந்தும்தான் வெட்டியிருக்கிறார்.  கோபம் தீரவில்லை. அதோடு கூட வேறு என்னவோ சேர்ந்துகொண்டு என்னை உட்காரவும் விடவில்லை, எழுந்து போகவும் விடவில்லை.

 குழம்பில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. அவர் அதையே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஓடி வந்தான். பையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். எனக்கு முன்னால் அவர் அங்கே போய் நின்றிருந்தார், ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு. மூடியைத் தூக்கி அட்டை கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஹேண்டிலைச் சுற்றினார். நான் ஏறி உட்கார்ந்து கிளம்பினேன்.

தெரு முனை தாண்டியதும் எனக்கு என்னவோ தோன்றி, வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். வண்டி வந்த நாளிலிருந்து நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கோயில் வேட்டியோடு, முனையில் இருந்த கல்லின் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். நின்று நின்று பழகிய இடத்தில் நிற்கிற மாதிரி நின்றார்.

நான் கையை ஆட்டினேன். அவர் திருப்பி ஆட்டவில்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்து, தெருவே கேட்கும்படி, "பெட்ரோல் இருக்குதா?" என்று கத்தினார்.